வியாழக்கிழமை நனைத்த தோல்

வசீர் பாய் ஊறல் தொட்டிக்குள் கையை விட்டு ஓர் ஆட்டுத்தோலை இழுத்து வெளியே போட்டார். கட்டைவிரலால் ஒரே ஒரு தேய்ப்பு. முடி கொத்தாகக் கையோடு வந்துவிட்டது. முடியோடு சேர்ந்து தோலின் மேல்பரப்பும் பாலாடை போல உரிந்து வந்தது. கையை உதறிவிட்டு, "பாத்துக்கோங்க மேடம்" என்றார்.

கோடைக்காலம், ஒரு சனிக்கிழமை. காலை ஒன்பது மணிக்கே தகரக் கூரை சுட ஆரம்பித்திருந்தது. தோல் பதனிடும் இடம் என்றாலே நாறும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்த வாசனையில் பல வகை தெரியும். சுண்ணாம்பு வாசனை ஒன்று, உப்புத்தோல் கிடங்கின் வாசனை ஒன்று, குரோம் உப்பில் பதனிட்ட நீலத்தோலின் ஈர வாசனை ஒன்று. அன்று அந்தத் தொட்டிகளிலிருந்து வந்தது இவற்றில் எதுவும் இல்லை. செத்த எலி கிடக்கும் வீட்டு நாற்றம் அது.

அப்போது நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது. நான் தோலைப் பார்க்கவில்லை. கையில் இருந்த பிளான் ஷீட்டைப் பிரித்துப் பார்த்தேன். வியாழன், ஊறல். சனி, சுண்ணாம்பு. கீழே என் கையெழுத்து. ஷீட் சரியாகத்தான் இருந்தது. பிறகு எப்படி நான்கு தொட்டித் தோலும் அழுகிப் போயிற்று என்று எனக்கு நிஜமாகவே புரியவில்லை.

இரண்டு லீவு உள்ள கம்பெனி

தொண்ணூறுகளின் பின்பாதி. எங்கள் கம்பெனிக்கு இரண்டு இடங்கள். பேரணாம்பட்டில் டேனரி, அதாவது பச்சைத்தோலைப் பதனிடும் இடம். ஆம்பூருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் ஷூ யூனிட். அதன் மாடியில் ஆபீஸ், ஆபீசின் ஒரு மூலையில் கண்ணாடித் தடுப்பு போட்ட கம்ப்யூட்டர் அறை. அந்த அறைக்கு நான் பொறுப்பு.

டேனரிக்கு வெள்ளிக்கிழமை லீவு. அங்கே பெரும்பாலும் முஸ்லிம் ஆட்கள், ஜும்மா தொழுகை. ஷூ யூனிட்டுக்கு ஞாயிறு லீவு. அங்கே தைக்க வரும் பெண்கள் சுற்றுக் கிராமங்களிலிருந்து வருவார்கள், பஸ், ஸ்கூல், சந்தை எல்லாம் அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு. ஒரே முதலாளி, இரண்டு லீவு. வருஷக்கணக்காக அப்படித்தான் ஓடியது, யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

நான் வேலூர்க்காரி. அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். பி.எஸ்சி. கணக்கு முடித்து, ஒரு ஸ்வீட் கடை மாடியில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்து, டைப் அடிக்கத்தான் அந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். எனக்கு மேலே இருந்தவர் துபாய்க்குப் போய்விட்டார். அதனால் நான் மேலே வந்தேன். தலைமைப் பண்பு பற்றி என்னைப் பேசக் கூப்பிடும் கல்லூரிகளில் இந்த ஒரு விஷயத்தை மட்டும் நான் சொன்னதே இல்லை. சொன்னால் நன்றாகவா இருக்கும்?

என்னோடு கோமதி இருந்தாள். கலவை என்ற ஊர்ப் பக்கம் விவசாயக் குடும்பம், கல்யாணம் ஆகி ஆம்பூருக்கு வந்தவள். என் வயதுதான். புரோகிராம் எழுதுவதில் என்னைவிட நாலு மடங்கு கெட்டிக்காரி. ஆனால் பேச மாட்டாள். நான் பேசுவேன். அதனால் நான் மேனேஜர், அவள் புரோகிராமர்.

சின்ன பாயின் வெள்ளைப் பலகை

முதலாளியின் மகன் பெங்களூரில் மேலாண்மை படித்துவிட்டு வந்து சேர்ந்தார். தொழிலாளர்கள் அவரைச் சின்ன பாய் என்பார்கள். நாங்கள் சார் என்போம். வந்த வாரமே தன் அறையில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டினார். அதில் வட்டம் போட்டு, அம்பு போட்டு, 'ஸ்ட்ராடஜி' என்று மேலே எழுதிவைத்தார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று நான் வீட்டுக்குப் போய் அகராதியைப் பார்த்தேன். போர் வியூகம் என்று போட்டிருந்தது. யாரோடு போர் என்று விளங்கவில்லை.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டுக்காரன் ஒரு ஆர்டரை மாற்றினால், ஷூ யூனிட்டில் தோல் இல்லாமல் மெஷின்கள் சும்மா நிற்கும். அதே நேரம் டேனரியில் வேண்டாத கலர் தோல் மலையாகக் குவிந்து கிடக்கும். இங்கே ஒரு பிளான், அங்கே ஒரு பிளான் என்று இருந்தால் எப்படி? ஒரே கம்பெனிக்கு ஒரே பிளான் வேண்டும். அதைக் கம்ப்யூட்டர்தான் போட வேண்டும். ஸ்டெல்லாதான் அதற்குத் தலைமை. எல்லாரும் இருக்கும்போது அவர் இப்படி என் பெயரைச் சொன்னதும் எனக்குக் காது சூடாகிவிட்டது.

அன்றிலிருந்து நான் தலைவி ஆவதற்குப் படிக்க ஆரம்பித்தேன். நடைபாதைக் கடையில் பழைய புத்தகங்கள் வாங்கி ஆம்பூர் பஸ்ஸில் படிப்பேன். ஒன்றில், தலைவர் என்பவர் எல்லாருடைய கருத்தையும் கேட்க வேண்டும் என்று இருக்கும். பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் இன்னொன்றில், தலைவர் என்பவர் எடுத்த முடிவிலிருந்து அசையக் கூடாது என்று இருக்கும். இரண்டுக்கும் நான் அடிக்கோடு போட்டேன். எதை எப்போது செய்ய வேண்டும் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. எனக்கு எது சுலபமோ அதை எடுத்துக்கொண்டேன். அசையாமல் இருப்பதுதான் எனக்குச் சுலபமாக வந்தது.

நானும் கோமதியும் மூன்று மாதம் உட்கார்ந்து புரோகிராம் எழுதினோம். இரண்டு லீவையும் நான் மறக்கவில்லை. டேனரிக்கு வெள்ளி, ஷூ யூனிட்டுக்கு ஞாயிறு என்று தனித்தனிக் காலண்டர் போட்டேன். லீவு நாளில் ஒரு வேலையும் விழாது. லீவுக்கு முந்தின நாள் ஒரு வேலை முடிந்தால் அடுத்த வேலை லீவுக்கு மறுநாள் வரும். சின்ன பாய் இதைப் பார்த்துவிட்டு என் கையைக் குலுக்கினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மாவிடம் இதை இரண்டு முறை சொன்னேன்.

பேனாவால் போட்ட கோடு

வாரா வாரம் பிளான் ஷீட் பிரிண்டரில் கரகரவென்று ஓடி முடிந்ததும் கம்பெனி வேனில் டேனரிக்குப் போகும். அங்கே ஊறல், முடி உதிர்க்கும் சுண்ணாம்பு இரண்டுக்கும் சூப்பர்வைசர் வசீர் பாய். அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும். கட்டம் போட்ட லுங்கியை மடித்துக் கட்டி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். கோபக்காரர். நானும் கோபக்காரி. முதல் நாளே எங்களுக்கு ஒத்துவரவில்லை.

நான் போட்ட பிளானை அவர் மாற்றிக்கொண்டிருந்தார். வேனில் திரும்பி வரும் ஷீட்டில் வியாழக்கிழமை ஊறலைப் பேனாவால் அடித்து, சனிக்கிழமை என்று உருதுவில் கிறுக்கியிருப்பார். இரண்டு வாரம் பொறுத்தேன். மூன்றாவது வாரமும் அதே கோடு. அதனால் பின்னால் வரும் தேதி எல்லாம் ஒரு நாள் தள்ளிப்போகும், ஷூ யூனிட் மேனேஜர் என்னைத்தான் கேட்பார்.

நான் நேரே சின்ன பாயிடம் போய்ச் சொன்னேன். அவர் வசீர் பாயை வரவழைத்தார். அந்த அறையில் வெள்ளைப் பலகைக்குப் பக்கத்தில் வசீர் பாய் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றது எனக்கு நினைவிருக்கிறது. ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டதற்கு, "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார்" என்றார், அவ்வளவுதான். ஒரு காரணமும் சொல்லவில்லை. எனக்கு அது திமிராகத் தெரிந்தது. சட்டென்று நான் குறுக்கே பேசினேன். ஆளுக்கு ஒரு பேனா எடுத்தால் சிஸ்டம் எதற்கு என்று கேட்டேன். சின்ன பாய் தலையாட்டினார். இனிமேல் ஷீட்டில் இருப்பதை ஸ்டெல்லாவின் கையெழுத்து இல்லாமல் யாரும் மாற்றக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

காரணத்தை ஏன் அவர் சொல்லவில்லை என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். தோல் கம்பெனியில் சம்பளம் வாங்குகிற ஒருத்திக்கு அதைச் சொல்லித்தர வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை போலிருக்கிறது. எனக்கோ கேட்கத் தோன்றவில்லை.

வியாழன் காலை

உத்தரவு வந்த அடுத்த வியாழக்கிழமை காலையில் போன் அடித்தது. கோமதி எடுத்தாள். பேரணாம்பட்டிலிருந்து வசீர் பாய். கோமதி கேட்டுவிட்டு, ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு லீவாம். இன்னிக்கு நனைக்கட்டுமான்னு கேக்கறாரு."

நான் ஷூ யூனிட் மேனேஜருக்குக் கொடுக்க வேண்டிய ரிப்போர்ட்டில் மூழ்கியிருந்தேன். திரும்பவும் ஆரம்பித்துவிட்டாரா என்று எனக்குக் கோபம் ஏறிவிட்டது. ஷீட்டில் இருக்கிறதா இல்லையா என்று கேள் என்றேன். இருக்கிறதாம் என்றாள்.

"அப்போ இன்னா சந்தேகம்? ஷீட்ல இருக்கறத செய்யச் சொல்லு."

கோமதி பொத்திய கையை எடுக்கவில்லை. அவராகப் போன் செய்து கேட்கிறார் என்றால் ஏதோ இருக்கும், நீயே ஒரு வார்த்தை பேசிவிடு என்றாள். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கை வீசி, சொல்லு சொல்லு என்றேன். அவள் சொன்னாள். அந்தப் பக்கம் அவர் 'சரிம்மா' என்றது எனக்கும் கேட்டது. போன் வைக்கப்பட்டது.

முழுதாக ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. தலைவியாக நான் எடுத்த முதல் உறுதியான முடிவு என்று அன்று சாயங்காலம் பஸ்ஸில் எனக்கே ஒரு மிதப்பு வேறு.

சனி, ஞாயிறு, திங்கள்

சனிக்கிழமை அந்தத் தொட்டியின் முன்னால் நின்று ஷீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன் இல்லையா. என் பின்னால் கோமதியும் வந்திருந்தாள். துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு தோலைப் பார்த்தாள். பிறகு என்னிடம் மெல்லக் கேட்டாள். "நாத்துக்கு வெதநெல்லு ஊறப்போட்டுட்டு, நடுவுல லீவுன்னு ஒரு நாள் உட்டுட முடியுமா ஸ்டெல்லா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உப்புத்தோல் எத்தனை நாள் வேண்டுமானாலும் கிடங்கில் கிடக்கும். ஒரு தடவை தண்ணீரில் போட்டுவிட்டால் மறுநாளே எடுத்துச் சுண்ணாம்புக்குள் விட வேண்டும். இல்லையென்றால் அழுக ஆரம்பித்துவிடும், அதுவும் எங்கள் ஊர்க் கோடையில். லீவுக்கு முந்தின நாள் பேரணாம்பட்டில் யாரும் தோலை நனைக்க மாட்டார்கள். அங்கே நடமாடுகிற எல்லாருக்கும் அது தெரியும். எழுதிவைக்கத் தேவையில்லாத அளவுக்குத் தெரியும்.

நான் பார்த்துப் பழகிய வேலை ஷூ யூனிட் வேலை. பாதி தைத்த ஷூவைச் சனிக்கிழமை சாயங்காலம் தட்டில் வைத்துவிட்டுப் போனால் திங்கட்கிழமை காலை அது அப்படியே இருக்கும். லீவு என்றால் எல்லாம் நிற்கும் நாள் என்றுதான் நான் புரோகிராமில் எழுதியிருந்தேன். ஆட்களுக்கு லீவு விட்டேன். தண்ணீரில் கிடக்கும் தோலுக்கும் சேர்த்து விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனேன். பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்டால் தெரியாது. மூக்கில் அந்த நாற்றம் இருந்துகொண்டே இருந்தது. அம்மா பெஞ்சில் என்னை இடித்து, எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள் என்று காட்டினார்கள். நாளைக்கு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். உடனே, வேலை போய்விட்டால்? கல்லூரி முடித்த தம்பி வீட்டில் சும்மா இருந்தான், அம்மாவுக்கு ஓய்வு பெறும் வயது. ஆனால் அது மட்டும்தான் காரணம் என்று எழுதினால் பொய் சொன்னவள் ஆவேன். சின்ன பாய் என் கையைக் குலுக்கியிருந்தார். அந்தக் கையை விட எனக்கு மனசில்லை.

திங்கட்கிழமை மீட்டிங். சின்ன பாய், டேனரி மேனேஜர், வசீர் பாய், நான், கோமதி. சின்ன பாய் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு இன்னும் சௌகரியமாக இருந்திருக்கும். நேரே வசீர் பாயைப் பார்த்து, இத்தனை வருஷ அனுபவம் உள்ளவர், லீவுக்கு முந்தின நாள் எப்படி நனைத்தீர்கள் என்று கேட்டார்.

"ஷீட்ல இருந்திச்சு சார். செஞ்சேன்."

தெரியும் இல்லையா, ஒரு வார்த்தை யாரிடமாவது கேட்டிருக்கலாமே என்றார் சின்ன பாய். வசீர் பாய் என்னைப் பார்க்கவில்லை. மேஜை மேல் பறந்துகொண்டிருந்த ஒரு காகிதத்தை விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். கோமதி என்னைப் பார்த்தாள். ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. அப்போது நான் வாயைத் திறந்தேன்.

"சிஸ்டத்துல ஒரு சின்னத் திருத்தம் போட்டுடலாம் சார். லீவுக்கு முந்தின நாள் ஊறலே வராத மாதிரி. இனிமே இந்தப் பிரச்சினை வராது."

சின்ன பாய் முகம் மலர்ந்தது. எல்லாரும் பிரச்சினையைக் கொண்டு வருகிறார்கள், ஸ்டெல்லா தீர்வைக் கொண்டு வருகிறார் என்று மற்றவர்களிடம் சொன்னார். அந்தத் திருத்தம் மொத்தம் நாலு வரி. கோமதி பத்து நிமிஷத்தில் எழுதி முடித்தாள்.

வசீர் பாயை ஊறல் பக்கத்திலிருந்து எடுத்து உப்புத்தோல் கிடங்குக்கு மாற்றினார்கள். அவரிடம் வேலை கற்ற ஒருவருக்குக் கீழே. அங்கே ஒரு மாதம் இருந்தார், பிறகு நின்றுவிட்டார். அவர் நின்றது எனக்கு வேனின் டிரைவர் சொல்லித்தான் தெரியும். நான் அன்றைக்குச் சாப்பிட்டேனா என்றால், சாப்பிட்டேன்.

கோமதியும் அந்த வருஷக் கடைசியில் போய்விட்டாள். சென்னையில் நல்ல இடம். கடைசி நாள் டிராயரைக் காலி செய்துகொண்டே, "அன்னிக்கு நீ சொல்லுவேன்னு நெனச்சேன். நீ சொல்லாதப்போ நான் எப்படிச் சொல்றது?" என்றாள். எனக்குக் கீழே வேலை பார்த்த முதல் ஆள் அவள். என்னிடமிருந்து அவள் கற்றுக்கொண்டு போனது அதுதான் என்றால், என் தலைமைக்கு என்ன பெயர் வைப்பது?

மேடைக் கதை

நான் மேலே மேலே போனேன். சின்ன பாய் என்னைத் தலைமைப் பயிற்சிக்குச் சென்னைக்கு அனுப்பினார். பயிற்சி கொடுத்தவர், உங்கள் வாழ்க்கையில் சந்தித்த ஒரு சவாலைச் சொல்லுங்கள் என்றார். நான் இந்தக் கதையைச் சொன்னேன். போனை விட்டுவிட்டேன். போனை விட்டுவிட்டால் கதை பிரமாதமாக இருக்கிறது. புதிய தொழில்நுட்பம் வருகிறது, பழைய சூப்பர்வைசர் வீம்புக்கு அதை அப்படியே பின்பற்றிக் காரியத்தைக் கெடுக்கிறார், இளம் தலைவி பதற்றப்படாமல் நாலு வரியில் தீர்க்கிறாள். எல்லாரும் கை தட்டினார்கள்.

பிறகு வேறு கம்பெனி, பெரிய பதவி. கல்லூரிகளில் பேசக் கூப்பிட்டார்கள். மாற்றத்தை எதிர்ப்பவர்களைக் கையாள்வது எப்படி என்று தலைப்பு கொடுத்தால் எனக்கு இந்தக் கதை ரெடியாக இருக்கும். எத்தனை மேடை என்று கணக்கு வைக்கவில்லை. சொல்லச் சொல்ல எனக்கே அது நடந்த மாதிரி ஆகிவிட்டது. சில நாள் காரில் திரும்பும்போது, அன்று போன் வந்ததா, நானாகக் கற்பனை செய்துகொண்டேனா என்றுகூடச் சந்தேகம் வரும். அந்த அளவுக்குக் குழம்பியிருந்தேன்.

பத்திரிகையில் இந்தத் தொடரை எழுத ஆரம்பித்த பிறகு வாலாஜாபேட்டையிலிருந்து ஒரு இளைஞர் எனக்குக் கடிதம் போட்டார். கல்லூரியில் என் பேச்சைக் கேட்டவராம். இப்போது ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் ஆறு பேருக்கு டீம் லீடர். 'அந்த சூப்பர்வைசர் மாதிரி என் டீமிலும் ஒருவர் இருக்கிறார் மேடம். சும்மா சும்மா கேள்வி கேட்கிறார். நீங்கள் சொன்னபடி அவரை வேறு வேலைக்கு மாற்றப் போகிறேன்' என்று எழுதியிருந்தார்.

அதை இரண்டு முறை படித்தேன். மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பேரணாம்பட்டுக்குப் பஸ் ஏறினேன்.

நீல டிரம்கள்

வசீர் பாயைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை வைத்திருந்தார். டேனரிகளில் கெமிக்கல் வந்து காலியான நீல பிளாஸ்டிக் டிரம்களை வாங்கிக் கழுவி, ஜனங்கள் தண்ணீர் பிடித்துவைக்க விற்கிறார். தாடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். ஒரு டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். குடும்பம், பிள்ளைகள் என்று விசாரித்தார்.

நானே ஆரம்பித்தேன். அந்த வியாழக்கிழமை நீங்கள் போன் செய்து கேட்டீர்கள், நான்தான் நனைக்கச் சொன்னேன், மீட்டிங்கில் அதை நான் மறைத்துவிட்டேன் என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் டீ கிளாஸைச் சுற்றிக்கொண்டே கேட்டார். மன்னிப்பார் என்றோ, திட்டுவார் என்றோ எதிர்பார்த்தேன். இரண்டில் எது நடந்தாலும் நிம்மதியாக ஊருக்குத் திரும்பியிருப்பேன்.

நீங்கள் ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உங்க கையெழுத்து பேப்பர்ல இருந்திச்சு. நான் கேட்டது எங்க மேடம் இருந்திச்சு? நான் சொல்லி, நீங்க இல்லன்னுட்டா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு அவர், நான் கேட்காத ஒன்றைச் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை தொழுதுட்டு அந்தப் பக்கமாதான் வந்தேன். டேனரி கேட் கிட்ட நின்னேன். ரெண்டு ஆள கூப்ட்டிருந்தா சாயந்திரத்துக்குள்ள தோல சுண்ணாம்புல போட்ருக்கலாம். உள்ள போவல. ஷீட் போட்டவங்களுக்குத் தெரியட்டும்னு வூட்டுக்குப் போய்ட்டேன்."

இத்தனை வருஷம் மேடைகளில் அவர் வீம்புக்காரர் என்று பொய் சொல்லியிருக்கிறேன். அந்தப் பொய்க்குள் இப்படி ஒரு உண்மை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. என் தப்பு பாதியாகிவிட்டதா? இல்லை, அவரை அந்தக் கேட்டுக்கு வெளியே நிற்கவைத்ததும் நான்தான் என்று கூடிவிட்டதா? அன்றைக்கும் புரியவில்லை, இதை எழுதும்போதும் புரியவில்லை. தலைமை பற்றி இத்தனை பேருக்கு வகுப்பு எடுத்த எனக்கு, பேரணாம்பட்டில் ஒரு டிரம்மின் மேல் உட்கார்ந்துகொண்டு, அடுத்து என்ன பேச வேண்டும் என்று தெரியவில்லை.

கடைசியில், இதைப் பத்திரிகையில் எழுதலாமா பாய் என்று கேட்டேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"எழுதுங்க. நான் கேட் கிட்ட நின்னதயும் எழுதுங்க. பேரு மட்டும் வாணாம். மாப்பிள்ளை அந்தக் கம்பெனிலதான் இருக்கான்."

அதனால் வசீர் என்பது அவர் பெயர் இல்லை. கோமதியின் பெயரும் மாற்றியதுதான். ஸ்டெல்லா என்ற பெயரை மாற்றவில்லை.

வாலாஜாபேட்டைத் தம்பி, உங்கள் டீமில் கேள்வி கேட்கிறவரை மாற்றப் போவதாக எழுதியிருந்தீர்கள். அவரை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. அது அந்தத் திங்கட்கிழமை மீட்டிங்கில், ஃபேன் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தபோது, நான் சொல்லியிருக்க வேண்டியது.

சார், வியாழக்கிழமை காலையில் அவர் போன் செய்து கேட்டார். நனைக்கச் சொன்னது நான்.